அரை நாள் சீனியர்

1955 செப்டம்பர் 12, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். ஏரிப் பக்கம் காற்றே இல்லை. டைப்ரைட்டருக்கு ரிப்பன் மாற்றியதில் விரலெல்லாம் மை.

வாங்க வேண்டியவை: பிளேடு, அம்மாவுக்குத் தைலம், தங்கை ராஜத்துக்கு ஜாக்கெட் துணி. அவளுக்குத் தையில் கல்யாணம், இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

தபாலில் ஒரு கடிதம். எங்கள் ரோட்டு ஆபீசில் டெம்பரரி குமாஸ்தா இடம் இரண்டில் ஒன்று ரத்து. ஜூனியரை 'அவுஸ்ட்' செய்யவும். அதாவது வீட்டுக்கு அனுப்பவும். டெம்பரரி இரண்டே பேர், நானும் மாசிலாமணியும். ஒரே நாளில் சேர்ந்தவர்கள். யார் ஜூனியர்? ஹெட்கிளார்க் நாளை ரிஜிஸ்டரைப் பார்ப்பாராம்.

மாசிக்குச் சிரிப்பு. "இன்னா வேதா, சீட்டு குலுக்கிப் போட்ருவாங்களா?"

செப். 13

பிற்பகல் நல்ல மழை. குடை வீட்டில்.

ரிஜிஸ்டரில் என் பெயருக்கு எதிரே எஃப்.என்., அவனுக்கு ஏ.என். நான் முற்பகல் சேர்ந்தவன், அவன் பிற்பகல். ஆகவே அரை நாள் நான் சீனியர். மாதக் கடைசியோடு மாசிக்கு வேலை இல்லை.

அந்த நாள் அப்படியே நினைவில் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன். மகாபலிபுரத்திலிருந்து இரண்டு சைக்கிளில் கிளம்பினோம். அன்றைக்கே இந்த ஆபீசில் சேர வேண்டும் என்று ஆர்டர். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என் டயர் வெடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாசி தன் சைக்கிளை என்னிடம் தள்ளினான். "நீ முன்னால போய் கையெழுத்துப் போடு. நான் இத்த தள்ளிகினு வரேன்." பன்னிரண்டுக்குள் நான் போய்ச் சேர்ந்தேன். அவன் வந்தபோது மணி மூன்று, சட்டை பிழிய வேர்வை. அவனுக்கு அரை நாள் சம்பளம் போயிற்று என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். போனது அது மட்டும் என்றே நினைத்திருந்தோம்.

செப். 14

தூறல். டைப் செய்யக் கை ஓடவில்லை.

மகாபலிபுரம் நினைப்பாகவே இருக்கிறது. ரோட்டு வேலையில் நாங்கள் இருவரும் மஸ்டர் குமாஸ்தா. தினம் கூலியாள் பெயர் எழுதி ஆஜர் போடும் வேலை. சாயங்காலம் சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து குமாஸ்தா பரீட்சைக்கு இங்கிலீஷ் வார்த்தை உருப்போடுவோம். கல் உடைப்பவரை எங்கேஜ் செய்வார்கள், குமாஸ்தாவை அப்பாயின்ட் செய்வார்கள். கூலியாளுக்கு வேஜஸ். குமாஸ்தாவுக்கு பே. டாக்டருக்கு ஃபீஸ். பெரிய மனிதர் வந்து பேசிவிட்டுப் போனால் ஹானரேரியம்.

'ஹயர்', அதாவது வாடகைக்கு எடுப்பது, வந்தால் மாசி விடமாட்டான். "வண்டிக்கும் அதே, ஆளுக்கும் அதேவாடா? அப்ப ஆளுக்கு யாரு புல்லு போட்றது?"

ஜல்லி சுமக்கும் கன்னியம்மா கேட்டுக்கொண்டே போவாள். "எந்தப் பேர் வெச்சா இன்னா சாமி, சனிக்கெழம கைக்கு வந்தா சரி."

'அவுஸ்ட்' எங்கள் புத்தகத்தில் இல்லை. என்ன சந்தோஷமான நாட்கள் அவை!

செப். 15

ஹெட்கிளார்க்கிடம் சைக்கிள் கதையைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "டயர் வெடிச்சதை ரிஜிஸ்டர்ல எந்தக் கட்டத்துலய்யா எழுதச் சொல்றே? நீயா விலகிக்கிறேன்னு எழுதிக்குடு, அவனை வெச்சுக்கறேன். வேற வழி இல்லே."

எழுதினேன். நாலே வரி. கையெழுத்தும் போட்டேன். மாசிக்கு இரண்டு குழந்தைகள். எனக்கு அம்மா, ராஜம் கல்யாணம். மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு டிபன் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தும் கொடுக்கவில்லை.

செப். 16

வெயில். மாசியின் அவுஸ்ட் ஆர்டரை நானே டைப் செய்தேன், வேறு டைப்பிஸ்ட் ஏது? பக்கத்தில் வந்து நின்றான். "காப்பி மூணு போடு, ஒண்ணு வூட்ல வெச்சிக்கிறேன்." கேலியா என்று தெரியவில்லை. அவன் போன பிறகு இழுப்பறையிலிருந்த கடிதத்தைக் கிழித்தேன். நான் கோழை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

அக். 10, திங்கள்

ராஜத்துக்குப் பட்டு எடுத்தாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

மாசிக்கு மகாபலிபுரத்தில் பழைய வேலையே கிடைத்துவிட்டது, இந்தத் தடவை தினக்கூலியில். அவன் எழுதும் மஸ்டரைச் சரிபார்ப்பது என் மேஜை வேலை. இன்று கொண்டுவருகிறான் என்று தெரிந்து காலையிலிருந்தே குஷி. காப்பி கிளப்பில் இரண்டு போண்டா சொல்லி வைத்திருந்தேன்.

பதினோரு மணிக்கு வந்தான். கறுத்திருந்தான். மேஜைக்கு எதிரே நின்றான்.

"மஸ்டர் கொண்டாந்துகீறேன், சார்."

விளையாடுகிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"உக்காருடா."

"இல்ல சார். பாத்துக் குட்த்துட்டீங்கன்னா பஸ்ஸப் புட்சிருவேன்."

பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.