பரலோக மந்திரமும் ஐந்து லிட்டர் கேனும்

என் அன்புச் சகலை அந்தோணிக்கு,

நாம் ஜெயித்துவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். நீ போய்ச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் நம் பெட்ரோல் பங்க்கின் பெயர் சந்தி சிரித்துவிட்டது. இப்போது அதே சந்தியில் தலை நிமிர்ந்து நிற்கிறது. உன்னிடம் நேரில் சொல்ல முடியவில்லையே என்று மனசு அடித்துக்கொள்கிறது, ஆனாலும் வாயெல்லாம் பல்லாகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதை நீ மட்டுமா படிக்கப்போகிறாய்? மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். பூந்தமல்லியில் ஒரே வீட்டில் அக்காவை நான் கட்டினேன், தங்கை ரோசியை நீ கட்டினாய். இரண்டு பேரும் சேர்ந்து திருமழிசை தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் எடுத்தோம். அளவு உன் பொறுப்பு, சத்தம் போடுவது என் பொறுப்பு. வேலையை இவ்வளவு பொருத்தமாகப் பிரித்துக்கொண்ட சகலைகள் வேறு யார்?

தினம் காலையில் முதல் வண்டிக்கு முன்னால் நீ அந்த அரசு முத்திரை போட்ட ஐந்து லிட்டர் கேனை எடுப்பாய். ஒரு தடவை நிரப்புவாய், அளவைப் பார்க்காமலே கவிழ்த்துவிடுவாய். கவிழ்த்த கேனைப் பிடித்தபடி கண்ணை மூடி, ‘பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று பரலோக மந்திரம் சொல்வாய். ஆமென் சொன்ன பிறகுதான் நிமிர்த்தி மறுபடி நிரப்பி, கழுத்தில் இருக்கிற கோட்டைப் பார்ப்பாய். ஜெபம் பண்ணி பெட்ரோல் விற்கிற ஆள் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் என்று நான் கிண்டல் அடிப்பேன். நீ சிரிப்பாயே தவிர, விளக்கம் சொன்னதில்லை. ஏனய்யா சொல்லவில்லை?

உனக்குப் பிறகு அந்தக் காலை வேலையை நம் சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டான். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்போதுதான் ஆட்டோ ஸ்டாண்டு கஜா, உன்னோடு டீ குடிக்காமல் வண்டி எடுக்காத அதே கஜா, அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் பேசிப் போட்டான். “அந்தோணி அண்ணன் இருந்தவரிக்கும் அளவு கரீட்டா இருந்துச்சி. இப்ப பெரியவரு கை வெச்சிட்டாரு. வேற பங்க் பாத்துக்கோங்கபா.”

பெரியவர் என்றால் நான். மறுநாளிலிருந்து ஆட்டோக்கள் நம்மைத் தாண்டிப் போயின. குத்தம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போகிற வண்டிகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன், சகலை. ரோசி வந்து எதிரில் நின்று, “மாமா, அவுங்க சொல்றது நெசமா?” என்று கேட்டாள் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை. இல்லை என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாததா? மறுநாள் காலையே நேராக ஸ்டாண்டுக்குப் போய், நெஞ்சில் தில் இருக்கிறவன் வந்து அளந்து பார் என்று கூப்பிட்டேன். ஸ்டாண்டே கிளம்பி வந்தது. ரோசியும் வந்து ஓரமாக நின்றாள். சூப்பர்வைசர் அன்று விடுப்பு. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நானே பெட்டியைத் திறந்து கேனை எடுத்தேன். கஜா கையாலேயே ஐந்து லிட்டர் அடிக்கச் சொன்னேன்.

பெட்ரோல் கோட்டைத் தொடவில்லை. கொஞ்சம்தான் குறை, ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற குறை. செல்போனுக்குத் தடை என்று பலகை வைத்திருக்கிற இடத்திலேயே ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். அதட்ட வேண்டிய நான் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மெஷினில், அளவு சோதிக்கிற அரசு முத்திரை ஆய்வாளர் போட்ட சீல் அப்படியே இருந்தது. பிறகு எப்படிக் குறைந்தது? ஒருவேளை என்னை அறியாமல் நான்தான் உன் பெயரைக் கெடுத்துவிட்டேனா? நிஜமாகவே பயந்துபோனேன்.

அப்போது ரோசி முன்னால் வந்து, “மாமா, கேனு காஞ்சி இருந்துச்சி. அவரு மொதல்ல நனைப்பாரு இல்ல?” என்றாள்.

வீட்டில் எண்ணெய் அளக்கிற டம்ளருக்கும் நீ இதே பாடம் நடத்துவாயாம். காய்ந்த கேன் கொஞ்சம் பெட்ரோலைத் தன் உட்சுவரில் பூசிக்கொள்ளும். அதனால் முதலில் நனைத்து, அரை நிமிஷம் கவிழ்த்து வடியவிட்டு, அதற்குப் பிறகு அளக்க வேண்டும். கோடு போட்டிருப்பதே அப்படி நனைந்த கேனுக்குத்தான். அந்த அரை நிமிஷத்துக்குத்தான் உன் பரலோக மந்திரம்! இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் நான் அதை வெறும் பக்தி என்றே நினைத்திருந்தேன்.

கஜா ஒப்புக்கொள்ளவில்லை, இது ஏதோ கண்கட்டு வித்தை என்றான். அப்படியானால் நீயே கவிழ்த்துப் பிடி என்று கேனை அவன் கையில் கொடுத்தேன். ரோசி உரக்க, அவசரமில்லாமல் பரலோக மந்திரம் சொன்னாள். காக்கிச் சட்டைக்காரர்கள் அத்தனை பேரும் கோயிலில் நிற்பதுபோல் நின்றார்கள். அவள் ஆமென் சொன்னதும் கஜா நிமிர்த்தி அடித்தான். தரையில் மண்டி போட்டு, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தான். பிறகு மற்ற எல்லாக் குழாயிலும் அடித்துப் பார்த்தான். எல்லாவற்றிலும் பெட்ரோல் சரியாகக் கோட்டில் நின்றது, சகலை.

கஜா சும்மா விடுகிற ஆளா? வருஷ முத்திரைக்கு ஆய்வாளர் வந்த அன்றும் வந்து நின்றான். அவர் தன் கேனைக் கொண்டு வந்து, முதல் வேலையாக அதை நனைத்துக் கவிழ்த்தார். கஜா என்னைப் பார்த்தான். நான் எங்கோ பார்த்துக்கொண்டு மீசையைத் தடவினேன். அளவு சரி என்று புது முத்திரையும் விழுந்தது. அதோடு அவன் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டதில் டேங்க் டியூபில் ஒழுகல் என்று தெரிந்தது; போட்ட பெட்ரோல் சீக்கிரம் தீர்ந்தது அதனால்தான். அதே குழுவில் அவனே பேசிப் போட்டான்: “தப்பு எம் மேலதான். பெரியவரு சொக்கத் தங்கம். நம்ம வண்டி எல்லாம் இனிமே அங்கதான்.” அதை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று கேட்காதே. ரோசியின் அக்கா திட்டுகிறாள்.

இப்போது காலையில் வரிசை சாலை வரைக்கும் நிற்கிறது. நம் பங்க்குக்குப் பெயரே மாறிவிட்டது தெரியுமா? செம்பரம்பாக்கம் வரைக்கும் “ஜெபம் பங்க்” என்றால்தான் தெரிகிறது. ரோசி தினமும் வந்து கொஞ்ச நேரம் கல்லாவில் உட்காருகிறாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னை எதுவும் கேட்கவில்லை, கேட்க அவசியமும் இல்லை. உன்னைப் பற்றிப் பேசும்போது இப்போது சிரிக்கிறாள். அதைப் பார்க்கத்தான் நீ இருந்திருக்கணும்.

சூப்பர்வைசரிடமிருந்து அந்தக் காலை வேலையை நானே வாங்கிக்கொண்டேன். பூசையில் சாமியார் முடிக்கும் முன்பே மந்திரத்தை முடித்துவிட்டு நிற்கிற அவசரக்காரன் என்று என்னை நீ சொல்வாயே. இப்போது வந்து பார். உன் இடத்தில் நின்று, உன்னை மாதிரியே மெதுவாகச் சொல்கிறேன். வெளியே எத்தனை ஹாரன் அடித்தாலும் சரி, ஆமென் சொல்கிறவரைக்கும் கேனை நிமிர்த்த மாட்டேன். இது சத்தியம்.

உன் மாமனார் வீட்டு மூத்த மாப்பிள்ளை,
உன் சகலை ஆரோக்கியம்