மூன்றாவது கடிகாரம் சரியாகத்தான் ஓடியது

என் அன்பு மகளே, இந்த வீட்டின் சின்ன முதலாளியம்மா,

இங்கே நானும் உன் சித்தியும் நலம், மாடிப்படியில் மூன்றாவது படி மட்டும் முனகுகிறது, அதற்கு வயதாகிவிட்டது, எனக்கு இன்னும் ஆகவில்லை. அங்கே உன் உடம்பும் மனசும் உன் அறை ஜன்னலும் எப்படி இருக்கின்றன என்று எழுது. ஜன்னல் சரியாக மூடவில்லை, காற்று புகுகிறது என்று போன மாதம் சொன்னாய். பூமியே ஒரு பக்கம் சாயும்படியான கதவுகளை மாட்டிய மகாபுருஷனின் மகள் ஒரு ஜன்னலை மூட முடியாமல் நடுங்குகிறாள் என்று வெளியே தெரிந்தால் என் மானம் என்னாவது? கீலில் இரண்டு சொட்டு எண்ணெய் விடு, அடித்து மூடாதே, கதவு ஜன்னல் எதற்குமே அவசரம் பிடிக்காது. இதையெல்லாம் போனில் சொல்லலாமே, எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். இதில் ஒரு விஷயம் இருக்கிறது, அதைப் போனில் சொன்னால் நீ பேசாமல் இருப்பது எனக்குக் கேட்கும். காகிதத்தில் கேட்காது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணை மூடினால் இப்போதெல்லாம் ஒரே கனவு. நான் மாட்டிய வங்கிக் கதவுகள் அத்தனையும், முந்நூறோ நானூறோ, அகலமான தண்ணீருக்கு மேலே வட்டம் வட்டமாக, நிலா நிலாவாக மிதக்கின்றன. ஒவ்வொன்றும் சத்தமே இல்லாமல் திறந்து மூடுகிறது, மீன் வாயைத் திறந்து மூடுவது போல. எதற்குள்ளும் பணம் இல்லை, நகை இல்லை, ஒரு பழுப்பு உறை மட்டும் கிடக்கிறது. எட்டி எடுக்கப் போனால் டிக் டிக் என்று மூன்று சத்தம், கால் மாற்றி நடக்கும் மூன்று பேர் மாதிரி, அவ்வளவுதான், விழித்துவிடுகிறேன். உன் சித்தியிடம் சொன்னேன், 'கனவுலயும் ஓவர்டைம் பாக்குறீங்களே, சம்பளம் யார் குடுப்பா' என்றாள். பழுப்பு உறை என்றதும் உனக்கு ஞாபகம் வந்திருக்கும், ஆனால் கொஞ்சம் பொறு, வரிசையாக வருகிறேன்.

நான் வேலை பார்த்த கம்பெனிக்கு இந்த வருஷம் நூறு வயது நிறைகிறது, அதற்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் போடுகிறார்கள். எழுதும் பெண், உன்னைவிட இரண்டு வயது சின்னவள் இருப்பாள், நாலு நாளாக மத்தியானத்தில் வந்து மேஜைமேல் போனை வைத்து நான் பேசுவதைப் பதிவு பண்ணிக்கொண்டு போகிறாள். நான் சும்மா விடுவேனா? ஆதியிலிருந்து அள்ளிவிட்டேன். கம்பெனியை ஆரம்பித்தவர் ஒரு பூட்டுக்கடைக்காரர், ஒரு நாள் கடையைப் பூட்ட மறந்து சாப்பிடப் போய்விட்டார், திருடன் வந்து பூட்டுகளை மட்டும் ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு சாவிகளை விட்டுவிட்டுப் போனான், இரண்டு கை நிறையச் சாவியோடு நடுத்தெருவில் நின்ற அந்த மனிதர் இனி எவனாலும் தூக்க முடியாத சாமானைத்தான் செய்வேன் என்று சபதம் போட்டார், அப்படிப் பிறந்த முதல் இரும்புப் பெட்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்க முடியாமல் கொட்டகையைப் பிரித்துப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்கள் என்றேன். அப்புறம் பெட்டக அறைக் கதவு, எட்டு டன் கனம், ஆனால் பார்த்துப் பார்த்து மாட்டினால் ஒரு விரலால் தள்ளலாம், இது மட்டும் சத்தியமான உண்மை, உனக்கே தெரியும். அப்புறம் மேனேஜர் தும்மினாலும் ஊரைக் கூட்டிய அபாய மணி. அப்புறம் காற்றுக்குழாய், வாடிக்கையாளர் காரைவிட்டு இறங்காமல் டப்பாவில் செக்கைப் போட்டால் அது சுவருக்குள்ளேயே விசுக்கென்று பறந்து காசாளர் மடியில் விழும். அதன்பிறகுதான் ஏடிஎம். கண்காட்சிக்குக் கொண்டுபோன முதல் மெஷின் காலையிலேயே படுத்துக்கொண்டது, நான்தான் அதற்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஓட்டை வழியாக நோட்டை நீட்டினேன், ஒரு அம்மா குனிந்து 'சில்லறையாக் கிடைக்குமா' என்று கேட்க, வாய் சும்மா இருக்காமல் 'இல்லைம்மா, பக்கத்துக் கடையில கேளுங்க' என்றேன், ஆகவே உலகத்தின் முதல் பேசும் இயந்திரம் நான்தான் என்று முடித்தேன். சமையலறையிலிருந்து உன் சித்தி, 'எல்லாம் பொய், அன்னைக்கு இவர் காய்ச்சல்ல கஞ்சி குடிச்சுட்டுப் படுத்திருந்தார்' என்று குரல் கொடுத்தாள். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் இப்போது எனக்கு எமனாக வந்து நிற்கிறது.

நாலாம் நாள் அவள் பழைய பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் போனில் காட்டினாள். 'சார், நூறு வருஷத்துல ஒரே ஒரு கடிகாரப் பிழைதான் பதிவாகியிருக்கு, இதையும் போட்டாத்தான் புத்தகத்து மேல நம்பிக்கை வரும்' என்றாள். மூன்றாவது கடிகாரம் இருபத்திரண்டு மணி நேரம் விரைந்து ஓடியது, பொறுப்பு கடிகாரப் பிரிவு என்று எழுதி, அடியில் நொடி அக்காவின் கையெழுத்து. நொடி அக்காவை மறந்திருக்க மாட்டாய், கதவுக்குள் வைக்கும் கடிகாரங்களைக் காதாலேயே சரிபார்த்தவர், வாரத்துக்கு ஒரு நொடி பிசகினாலும் சாப்பாடு இறங்காது, நீ சின்னவளாக இருந்தபோது உன் இதயத்தில் காதை வைத்துக் கேட்டு 'நல்லா ஓடுது' என்று சொல்வாரே, அவர்.

இனிமேல் நான் ஜோக் அடிக்காமல் எழுத முயற்சி பண்ணுகிறேன், பழக்கமில்லை, பொறுத்துக்கொள். பெட்டகக் கதவுக்கு உள்பக்கம் மூன்று கடிகாரம் இருக்கும். சாத்துவதற்கு முன்னால் எத்தனை மணி நேரமோ அத்தனைக்குச் சாவி கொடுத்துவிட்டுச் சாத்தினால், அந்த நேரம் ஓடித் தீரும்வரை எந்தச் சாவியாலும், முதலாளியே வந்து அழுதாலும் திறக்காது. மூன்றில் ஏதாவது ஒன்று பூஜ்யத்துக்கு வந்தால் போதும், கதவு விட்டுக்கொடுத்துவிடும். நீ எங்கள் கைக்கு வந்த வருஷம், உனக்கு ஆறு வயது, உன் அப்பாவும் அம்மாவும் இறந்துபோய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, உன்னைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோதனைக் கூடத்தில் அந்தக் கதவைக் காட்டினேன். மேலே கண்ணாடிக் கூரை வழியாக வெயில் விழுந்து கதவு முழுக்கத் தங்கத் தாம்பாளமாக மினுங்கியது, நீ விரல் வைத்துத் தள்ளினாய், அந்த எட்டு டன்னும் உனக்காகத் தூக்கத்தில் புரள்வது மாதிரி மெதுவாக நகர்ந்தது. 'உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டா?' என்று கேட்டாய். 'மூணு கடிகாரம் இருக்குல்ல, ரெண்டு ஏமாத்தினாலும் ஒண்ணு திறந்து விட்டுடும்' என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாய்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ கிளம்ப வேண்டியது திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணி விமானத்தில். சனிக்கிழமை காலை உன் பாஸ்போர்ட், டிக்கெட், வேலைக் கடிதம் எல்லாம் இருந்த பழுப்பு உறையை, வீட்டில் இருந்தால் தொலைந்துவிடும், பூமியிலேயே பத்திரமான இடம் எங்கள் கம்பெனிதான் என்று மார்தட்டி வாங்கிக்கொண்டு போனேன். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் புதுக் கதவைச் சாத்தித் திங்கள் காலை எட்டு மணிக்குத் திறந்து சோதிப்பது வழக்கம், அதற்கு நாற்பத்து நாலு மணி. நான் உறையை உள்ளே வைத்துவிட்டு முதல் கடிகாரத்துக்கு எழுபத்திரண்டு கொடுத்தேன். இரண்டாவதுக்கும் எழுபத்திரண்டு. செவ்வாய்க்கிழமை மத்தியானம்வரை திறக்காது, விமானம் போய்விடும், ஒரு மாதம் தள்ளிப்போகும், அதற்குள் நீ மனசு மாறினாலும் மாறலாம் என்று கணக்கு. மூன்றாவது கடிகாரத்தில் சாவியை வைத்தேன். கூடத்தில் ஒருவரும் இல்லை, அதே வெயில், அதே தங்கத் தாம்பாளம். யாராச்சும் மாட்டிக்கிட்டா என்று நீ கேட்டது, சொன்னால் நம்பமாட்டாய், பக்கத்தில் நின்று கேட்டது மாதிரி கேட்டது. கை ஐம்பதில் நின்றுவிட்டது. ஐம்பது என்றால் திங்கள் மத்தியானம் இரண்டு மணி. ஏன் நாற்பத்து நாலு கொடுக்கவில்லை என்று நானே என்னைக் கேட்டிருக்கிறேன். ஆறு மணி நேரம் கூட வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன் போலிருக்கிறது.

திங்கள் காலை நடந்தது உனக்கே தெரியும். கதவு திறக்கவில்லை, முதலாளி மேனேஜர் எல்லாம் ஓடிவந்தார்கள், நீண்ட விடுமுறை என்று நினைத்துக் கைமறதியாக எழுபத்திரண்டு வைத்துவிட்டேன் என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன், நாடகக் கம்பெனியில் சேர்ந்திருக்கலாம். நீ கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாய், பெட்டிமேல் ஒரு கை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. 'பரவாயில்ல சித்தப்பா, தெரியாமத்தானே' என்றாய். சரியாக இரண்டு மணிக்கு உள்ளே தாழ்கள் விலகும் சத்தம் கேட்டது, எல்லாரும் அதிசயம் என்றார்கள், நீ உறையை எடுத்துக்கொண்டு ஓடினாய், வாசலில் வாடகைக் கார் காத்திருந்தது. தெரிந்துதான் மகளே. தெரியாமல் இல்லை.

எல்லாரும் போனபிறகு நொடி அக்கா மூன்றாவது கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, 'செவ்வாய்க்கிழமை திறக்கிற கதவுக்குத் திங்கக்கிழமை ரெண்டு மணிக்கு வண்டி எதுக்குச் சொன்னீங்க?' என்றார். மேனேஜர் கடிகாரம் வேகமாக ஓடியதாக எழுதிக் கொண்டுவந்து நீட்டினார், அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, 'பொண்ணு போய்ச் சேரட்டும்' என்று மட்டும் என் காதில் சொன்னார். அதற்கப்புறம் இருபத்திரண்டு மணி அக்கா என்று கேண்டீனில் கேலி பண்ணினார்கள், நானும் அந்த மேஜையில் உட்கார்ந்து காப்பி குடித்தேன்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். வீட்டில் ஒரு கடிகாரம்கூட இல்லை, அவ்வளவு அமைதி, திரைச்சீலை ஆடுவதுகூடக் கேட்டது. புத்தக விஷயத்தைச் சொன்னேன். 'விடுங்க, இத்தனை வருஷம் கழிச்சு என்னை யாருக்குத் தெரியும்' என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது கூப்பிட்டு, 'ஆனா அந்தக் கடிகாரம் சரியாத்தாங்க ஓடிச்சு, அதை மட்டும் மாத்தி எழுதச் சொல்ல முடியுமா' என்றார். கடிகாரத்துக்காகக் கேட்டார், தனக்காகக் கேட்கவில்லை. அன்றைக்கே எழுதும் பெண்ணைக் கூப்பிட்டு முழுக்கச் சொன்னேன். அவள் சிரித்தாள். 'சார், இதுவும் மெஷினுக்குள்ள உக்காந்து சில்லறை இல்லைன்னு சொன்ன கதை மாதிரிதானே' என்றாள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உண்மை சொன்னேன், அதற்கு வந்த மரியாதை இது. உன் சித்தி சாட்சிக்கு வந்தாள், புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள், அக்காவும் உங்கள் சிநேகிதி, வேறு யாராவது சொன்னால் மாற்றுகிறேன் என்று அந்தப் பெண் மரியாதையாகச் சொல்லிவிட்டாள். அவள் போனதும் உன் சித்தி, 'எனக்கு அன்னைக்கே தெரியும், வண்டியைப் பாத்ததுமே புரிஞ்சுபோச்சு, அதான் ஒரு வாரம் உங்களோட பேசல, நீங்க என்னடான்னா தொண்டை கட்டியிருக்கான்னு கேட்டீங்க' என்றாள்.

ஆகவே சாட்சி நீதான். கதவு திறப்பதற்கு முன்பே வண்டி வந்து நின்றதை உன் கண்ணால் பார்த்தவள் நீ. மாதக் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது, அந்தப் பெண்ணின் விலாசத்தைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன், ஒரு வரி எழுதினால் போதும், என் சித்தப்பா வேண்டுமென்றே செய்தார் என்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்து நாளைக்கு முன்னால் போனில், 'இங்கயே நிரந்தரமா இருக்கச் சொல்றாங்க சித்தப்பா, நீங்க சொல்றபடி செய்றேன், நீங்க எனக்குக் கெடுதலா நினைச்சதே இல்லையே' என்றாய். அந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு நான் பதில் சொல்ல முடியாது. இருப்பதா வருவதா என்பதை என்னிடம் கேட்காதே. கேட்டால் எனக்குள் இருக்கும் இரண்டு கடிகாரம் இன்றைக்கும் எழுபத்திரண்டைத்தான் காட்டும். நீயே பார்த்து முடிவு செய், எதுவானாலும் இந்த வீட்டு வாசலுக்கு ஒரே ஒரு தாழ்ப்பாள், அதுவும் பகலில் போடுவதில்லை.

நீ நீண்ட ஆயுளோடும் மூடுகிற ஜன்னலோடும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறோம். வேளைக்குச் சாப்பிடு. பாஸ்போர்ட்டை உன் அலமாரியிலேயே வைத்துக்கொள், யார் பத்திரமாக வைக்கிறேன் என்று கேட்டாலும் கொடுக்காதே. முதலில் அந்தப் பெண்ணுக்கு எழுது, அப்புறம் எனக்கு. திட்டி எழுதுவதானால் ஒரு பக்கம் போதாது, நாலு பக்கமாக எழுது, நிதானமாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
உன்னை ஆறு மணி நேரம் அதிகமாக வைத்துக்கொண்ட
உன் சித்தப்பா