மூன்று ஜீப்புகள் வந்த தெரு

அக்கா, இதை எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். "என்னப் பத்தி எங்கயும் எழுதாத, யார்கிட்டயும் பேசாத" என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. இதில் உங்கள் பெயர் இல்லை.

இன்று மதியம் ஆரணியில் ஒரு நெசவுத் தெரு வழியாகப் போனேன். மின்சாரம் நின்று, விசைத்தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்தன. நான் அங்கேயே நின்றுவிட்டேன். உங்கள் தெருவும் ஒருநாள் அப்படித்தான் ஓய்ந்தது. அன்று மின்சாரம் இருந்தது.

நூல் சுற்றப் போன வீட்டின் முதலாளி உங்களைப் பலவந்தப்படுத்தியதை நீங்கள் போலீசில் சொல்லிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. போலீஸ், ஆஸ்பத்திரி, சட்ட உதவி, எங்கள் தொண்டு நிறுவனம் என்று ஆளாளுக்கு உங்களை அலையவைக்கக் கூடாது, எல்லோரும் சேர்ந்தே போவோம் என்று நல்ல எண்ணத்தில்தான் முடிவெடுத்தார்கள். மூன்று ஜீப்புகள் உங்கள் வாசலில் நின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிது, நான் கடைசி ஜீப்பில் இருந்தேன். நாங்கள் இறங்க இறங்க, வீடு வீடாகத் தறிச் சத்தம் நின்றது.

எதிர்வீட்டு அம்மா படியில் நின்றபடியே கேட்டார்: "இன்னாடி, ஒன்னப் பாக்க கவர்மெண்டே வந்துகினு கீது?"

நீங்கள் அவர் பக்கம் திரும்பாமல் எங்களைப் பார்த்து, "என் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ வண்டி வர்லமா" என்றீர்கள். எங்களில் ஒருவர் சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. அந்த மாதமே வீட்டு உரிமையாளர் உங்களை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்.

பிறகு வழி சொன்னதும் நீங்கள்தான். "எல்லாரும் ஆஸ்பத்திரில ஒரு ரூம்ல உக்காருங்க. நான் பி.பி. மாத்திர வாங்கறாப்புல வந்து, ஒரே வாட்டி சொல்லிட்டுப் போறேன்." அப்படியே செய்தோம். ஒருவர் கேட்டார், மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள். பின்னால் வந்த பெண்களுக்கும் அதுவே வழக்கமானது. சிலரை நீங்களே சித்தி மகள் என்று சொல்லி பஸ்ஸில் கூட்டிவந்தீர்கள். அங்கே நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இவ்ளோ படிச்சிகினு, தொண்டைய எந்தக் கடையில அடகு வெச்ச?" என்பீர்கள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன்.

காமாலையில் நீங்கள் போய்ச்சேர்ந்த செய்தி வந்தபோது டீ குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். இன்னும் அழுகை வரவில்லை.

அன்று ஜீப்பில் வந்தவர்களில் இப்போது நான் மட்டும்தான் இங்கே இருக்கிறேன். எல்லாத் துறைகளையும் ஒருங்கிணைக்கப் புதிதாக வந்திருக்கும் அதிகாரி நல்லவர், வேகமானவர். பக்கத்து ஊரில் ஒரு பெண் புகார் கொடுத்திருக்கிறாள். வியாழக்கிழமை எல்லோரும் சேர்ந்து அவள் வீட்டுக்கே போக ஏற்பாடு செய்கிறார்.

"வேணாம் சார், தெருவே பாக்கும்" என்றேன்.

"நாலு துறையும் சேந்து வந்தா அந்தப் பொண்ணுக்கு தைரியமா இருக்கும்மா" என்றார்.

தலையாட்டிவிட்டு என் மேசைக்குப் போனேன்.

நாளைய கூட்டத்தில் மறுபடி சொல்லப்போகிறேன். நடந்த ஒன்றைச் சொன்னால்தான் அவர் நிறுத்துவார், எனக்குத் தெரிந்து நடந்தது உங்களுடையது ஒன்றுதான். முதலாளி செய்ததைச் சொல்ல மாட்டேன். தெருவின் பெயரையும் சொல்ல மாட்டேன். அந்த ஜீப்புகளைப் பற்றி மட்டும் சொல்லட்டுமா, அக்கா?