இந்த வருடம் எங்கள் வீட்டுப் படம்

2025 ஜனவரி 17, வெள்ளி

நேற்று காணும் பொங்கல் படம் முடிந்ததும், வழக்கம்போல அடுத்த வருடத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். ஊரில் உள்ள எல்லா வீட்டுப் பெயரையும் எழுதிப் பித்தளைக் குடத்தில் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு எடுப்பது. யார் பெயர் வருகிறதோ, அந்த வீடு சொல்லும் படத்தைத்தான் அடுத்த காணும் பொங்கலுக்குக் களத்தில் திரை கட்டிப் போடுவார்கள். எந்தத் தெரு என்ற பேச்சே கிடையாது. இளைஞர் மன்றம் தொடங்கியபோது போட்ட சட்டம் அது.

மன்றச் செயலாளர் பரிதி சீட்டைப் பிரித்து மைக்கில் வாசித்தான். "நாகநாதன் வீடு."

என் வீட்டுக்காரர் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார், என்னமோ எலக்‌ஷனில் ஜெயித்தவர் மாதிரி. அவர் கடைசியாகத் தியேட்டருக்குப் போனது எங்களுக்குக் கல்யாணமான புதிதில். சனிக்கிழமை தவறாமல் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி மதியக் காட்சி பார்க்கிறவள் நான். எனக்குத் 'தியேட்டர் மாலதி' என்று பட்டப்பெயரே உண்டு. அப்படியும் பஸ் ஸ்டாப்பில் யாராவது எங்கே கிளம்பிட்டே என்று கேட்டால், ரத்தப் பரிசோதனை, ஜவுளி, தங்கச்சி வீடு என்று வாயில் வருவதைச் சொல்லிவிட்டு ஏறுவேன். தனியாக ஒரு பொம்பளை படத்துக்குப் போவதை எப்படிச் சொல்வது?

சரி, படத்தை யார் சொல்வது? சீட்டில் இருப்பது அவர் பெயர்.

ஜனவரி 18

பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. படம் பிடிக்காவிட்டால் எங்கள் ஊரில் கத்தமாட்டார்கள். உட்கார்ந்திருக்கும் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். ஒரு பாய் சுருண்டால் போதும், மற்ற பாயெல்லாம் தானாகச் சுருளும். பஞ்சநதம் அண்ணன் ஒரு வருடம் விருது வாங்கிய படம் என்று ஒன்றைப் போட்டார். பாதிப் படத்தில் களம் காலி. அன்றிலிருந்து அவர் பாய்சுருட்டி பஞ்சநதம். அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வழி கேட்டபோதும், "பாய்சுருட்டி வீடா?" என்றுதான் ஊரார் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்.

இவர் ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னார்: "நீதானே பாக்குறவ, நீயே பாத்து வையி. ஆனா பேரு போனா எம்பேருதான் போவும், பாத்துக்க."

பிப்ரவரி 22, சனி

பேய்ப் படம். பேய்க்கு ஒரு முன்கதை, அந்த முன்கதைக்கு ஒரு முன்கதை. பேயைவிடச் சத்தம்தான் பயமுறுத்தியது. தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு எழுதுகிறேன். இல்லை.

ஏப்ரல் 26

கல்யாண வயதில் பேரன் இருக்கும் கிழவனும் கிழவியும் விவாகரத்துக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. நீதிபதி காரணம் கேட்கும்போது அந்தம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "இவர் என்னை ஒரு தடவையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை" என்றாள். எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த வருடம் இதுவரை பார்த்ததில் இதுதான் ஒசத்தி. ஆனால் களத்துக்கு ஆகாது. பிள்ளைகள் தூங்கிவிடும், ஆம்பளைகள் டீக்கடைக்கு நழுவிவிடுவார்கள். இது எனக்கு மட்டுமான படம்.

ஜூன் 14

மேட்டூர் திறந்துவிட்டார்கள். இவருக்கு இனி வயலும் வாய்க்காலும்தான். நான் ஒரு காமெடிப் படம் பார்த்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். திரும்பி வந்து நீடாமங்கலத்தில் இறங்கும்போது என்ன கதை என்று யோசித்தேன், ஒன்றும் நினைவில் இல்லை.

ஜூலை 19, சனி

கிடைத்துவிட்டது!

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் போகும் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். ஒரு வண்டி போனது, கேட் திறக்கவில்லை. என்ஜின் மாற்றினார்கள், அப்போதும் திறக்கவில்லை. இதற்குத்தான் ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்புவது, இன்றைக்கு அதுவும் போதவில்லை. நான் உள்ளே போகும்போது படம் ஓட ஆரம்பித்து நல்ல நேரம் ஆகியிருந்தது. இருட்டில் தடவி உட்கார்ந்து திரையைப் பார்த்தால் — அங்கேயும் கேட் போட்டிருக்கிறார்கள்!

படத்தின் பெயர் 'இன்னும் ஒரு வண்டி'. ஒரு மத்தியானம், ஒரு மூடிய ரயில்வே கேட், இரண்டு பக்கமும் காத்திருக்கும் ஜனங்கள். முழுப்படமும் அதுதான். கல்யாண வேன் ஒன்று, வெள்ளரிப்பிஞ்சு விற்கும் ஒருத்தி, பாகப்பிரிவினை பத்திரம் பதியக் கிளம்பிய அண்ணன் தம்பி — கேட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தம்பி. நடுவில் கேட்காரம்மா. ஆளாளுக்கு அவளைத் திட்டுகிறார்கள். அவள், "இன்னும் ஒரு வண்டி இருக்குங்க" என்கிறாள். சண்டைக்காட்சி இல்லை, பாட்டு இல்லை. நான் சிரித்துக்கொண்டே அழுதேன். கடைசியில் கேட் திறந்தும் ஒருவரும் உடனே வண்டியைக் கிளப்பவில்லை.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. கேட்காரம்மா ஒரு மஞ்சள் பையை அடிக்கடி எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். கடைசியில் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பையை ஆணியில் மாட்டிவிடுகிறாள். பையில் என்ன? ஏன் சிரித்தாள்? நான் விட்டுவிட்ட ஆரம்பத்தில் இருந்திருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை மறுபடி பார்த்துவிட வேண்டும்.

ஜூலை 24

தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கிவிட்டார்களாம். ஒரு வாரம்கூட ஓடவில்லை. பாவிகள்.

அக்டோபர் 22

தீபாவளிக்குப் பெரிய நடிகர் படம் வந்திருக்கிறது. 'நஞ்சை வேங்கை'. டெல்டா விவசாயியாக நடித்திருக்கிறாராம். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் டீக்கடையில், இதுதான் எங்க வீட்டுப் படம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். யாரைக் கேட்டுச் சொன்னாராம்? நீயே பாத்து வையின்னு சொன்ன வாய்தானே அது! வருஷம் பூரா கேட்ல காஞ்சு, ஸ்டாண்டிங்ல வந்து, படம் படமா சலிச்சவ நானு. கும்புடு போடுறது மட்டும் அவரு.

சாப்பாட்டைப் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

அக்டோபர் 25, சனி

ஊரே வேன் பிடித்து 'நஞ்சை வேங்கை' பார்க்கப் போனது. இவரும் வந்தார். திரும்பும்போது வேனில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டே இவர் சொன்னார்: "நாத்து நடுற எடத்துல செருப்பு போட்டுருக்கான், மாலதி."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு பாட்டில், காலையில் நட்ட வயலில் அதே பாட்டு முடிவதற்குள் அறுப்பு நடக்கிறது. வெளியே எங்கள் குறுவை நெல் மழையில் நனைந்து முளைவிட்டுக் கிடக்கிறது, திரையில் அந்த நடிகர் நெல்லை வாரி வானத்தில் இறைக்கிறார். இந்த வருடத்தின் பெரிய ஏமாற்றம் இதுதான்.

நவம்பர் 8

ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றினால் ஊர் என்ன சொல்லும் என்கிறார். ஊர் கேட்பதைப் போட்டுவிட்டுப் போவோம், நமக்கு எதற்கு வம்பு என்கிறார். வீட்டு வேலை கிடக்கட்டும் என்று அவரை உட்காரவைத்து, 'இன்னும் ஒரு வண்டி' கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்காரம்மா, அண்ணன் தம்பி, வெள்ளரிப்பிஞ்சு எல்லாம். அண்ணனும் தம்பியும் கேட்டுக்கு அடியில் குனிந்து ஒரே வெள்ளரிப்பிஞ்சை உடைத்துத் தின்னும் இடம் வந்ததும் இவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இவருக்கும் ஓர் அண்ணன் உண்டு. பேச்சுவார்த்தை கிடையாது.

திரும்பி வந்து, "அதையே போடு" என்றார்.

ஆரம்பத்தை நான் பார்க்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. பிள்ளைகுட்டிகளோடு பார்க்கக்கூடாதது ஏதாவது அதில் இருந்து தொலைத்தால்?

டிசம்பர் 6

படம் டிவி, ஓடிடி எதிலும் வரவில்லை, யாரும் வாங்கவில்லையாம். ஃபேஸ்புக்கில் தேடி இயக்குநருக்கே எழுதினேன். இன்று போன் வந்தது. பெயர் தௌபீக், நாகூர்ப் பையன். இப்போது கல்யாண வீடியோ எடுக்கிறானாம். ஊரே உட்கார்ந்து பார்க்கும் என்றதும், எத்தனை பேர் என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு, "நானே எடுத்துட்டு வர்றேங்க்கா" என்றான்.

2026 ஜனவரி 10

பெயர் தெரியாத படமாம், நடிகர் இல்லாத படமாம். ஊரெல்லாம் இதே பேச்சு. பஞ்சநதம் அண்ணன் இவரை வழியில் நிறுத்தி, "நம்ம சங்கத்துக்கு வந்துருங்க" என்றாராம். இவர் சிரித்தபடிதான் சொன்னார், ஆனால் சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

ஜனவரி 18, ஞாயிறு

அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று ஏழு மணிக்குக் களம் நிரம்பிவிட்டது. பாய், சாக்கு, பிளாஸ்டிக் நாற்காலி. தௌபீக்கைத்தான் காணோம். போன் செய்தால், "அக்கா, கேட் போட்டுட்டாங்க, அந்தப் பக்கம் நிக்கிறேன்" என்கிறான். ஜனங்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பரிதி என்னிடம் ஓடி வந்து, கையில் 'நஞ்சை வேங்கை' தயாராக இருக்கிறது, அதைப் போட்டுவிடவா என்றான். எனக்குப் பக்கத்தில் தங்கம்மாள் அக்கா, பாயின் ஒரு ஓரத்தை மெதுவாக மடித்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்று செய்யவில்லை, கைப்பழக்கம். ஆனால் எனக்கு உயிரே போய்விட்டது.

அப்போதுதான் இவர் பரிதியிடமிருந்து மைக்கை வாங்கினார். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவர்.

"படம் நம்ம கேட்ல நிக்குது. ஒரு வண்டி போயிருச்சாம். இன்னும் ஒரு வண்டி இருக்காம். அது போனதும் வந்துரும்."

களம் மொத்தமும் சிரித்தது. கேட்டில் காயாதவர்கள் எங்கள் ஊரில் யார்? தங்கம்மாள் அக்கா பாயின் ஓரத்தை விரித்துவிட்டு, பிரசவத்துக்குப் போகும்போது தான் கேட்டில் கிடந்த கதையை ஆரம்பித்தார். ஆளுக்கு ஒரு கேட் கதை. தௌபீக் தலைதெறிக்க ஓடி வந்தபோது யாருக்கும் கோபமே இல்லை. திரையில் 'இன்னும் ஒரு வண்டி' என்று பெயர் விழுந்ததும் பையன்கள் அடித்த விசிலில் தென்னைமரத்துக் காக்கையெல்லாம் பறந்தது.

பிறகு நான் பார்க்காத ஆரம்பம் வந்தது. என்ன வருமோ என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். கேட்காரம்மா புதுப் புடவை ஒன்றை மடித்து மஞ்சள் பையில் வைக்கிறாள். மாற்று ஆளுக்குப் போன் செய்கிறாள்: "ரெண்டு மணிக்கு வந்துருய்யா. நான் மதியக் காட்சிக்குப் போவணும். தனியாத்தான் போறேன், என்னவாம்?"

தங்கம்மாள் அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

"இது நீதானே, மாலதி?"

ஒரு படம் பார்க்கத்தான் அந்த மத்தியானம் முழுக்கப் பையை எடுத்து எடுத்துப் பார்த்தாளா? கடைசியில் காட்சி முடிந்துபோகும் நேரம் ஆனதால்தான் சிரித்தாளா? ஆறு மாதமாக மனசில் வைத்துக் கொண்டாடிய படம் என்னைப் பற்றியது என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறேன். அழுதேன். யார் பார்த்தால் என்ன?

ஒரு பாய்கூடச் சுருளவில்லை. கேட்காரம்மாவைத் திட்டுகிறவனை எங்கள் ஊர்ப் பெண்கள் திருப்பித் திட்டினார்கள். வெள்ளரிப்பிஞ்சு இடத்தில் ஆம்பளைகள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். இவர் எங்கே என்று தேடினேன், களத்தின் அந்தப் பக்கம் அவருடைய அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பேசவில்லை. நின்றார்.

விளக்குப் போட்ட பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பஞ்சநதம் அண்ணன் தௌபீக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போட்டதும் நல்ல படம்தான் தம்பி" என்றார்.

குடத்தைக் குலுக்கினார்கள். அடுத்த வருடம் தங்கம்மாள் வீடு.

ஜனவரி 31, சனி

சம்பா அறுப்பு நடக்கிறது. மிஷின் வர மத்தியானம் ஆகும், நான் பாத்துக்குறேன், நீ போய்ட்டு வா என்றார் இவர். பஸ் ஸ்டாப்புக்குப் போனால், தங்கம்மாள் அக்கா நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு நிற்கிறார், கூட அவர் மருமகளும் இன்னும் மூன்று பேரும். அடுத்த வருடம் அவர் வீட்டு முறையாயிற்றே, பார்த்துத்தானே தேர்வு செய்ய வேண்டும்?

கேட் போட்டிருந்தார்கள். பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே உரக்கடை கோவிந்தராசு அண்ணன் வண்டியில் காலூன்றி நின்றுகொண்டு, கூட்டமா எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டார். பழக்கதோஷம், என் வாய் ரத்தப் பரிசோதனை என்று சொல்லத் தயாராகிவிட்டது.

அதற்குள் தங்கம்மாள் அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கேட்டுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி சொன்னார்: "படத்துக்குப் போறோம்."