நனைந்த கயிற்றின் அளவு

கார்த்திகை 12, வெள்ளி.

இன்று பாலாற்றங்கரையில் என்னையும் மீறி வாய் திறந்துவிட்டேன். என் பழைய மாணவி தனலட்சுமி, கரையோர நிலத்தில் மோட்டார் அறைக்குக் கடைக்கால் தோண்ட ஆள் வைத்திருந்தாள்.

ஆறு தடம் மாற யுகங்கள் ஆகும் என்று அவள் வகுப்பில் பாடம் நடத்தியவன் நான். இப்போதோ ஒரு மாத மழை இரண்டே நாளில் கொட்டுகிறது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கரை சரிகிறது. மழை விட்டதும் அவள் நிலத்துப் பனைமரத்திலிருந்து கரை விளிம்புவரை முடிச்சுப் போட்ட கயிற்றால் அளப்பது என் வழக்கம். போன வருடம் முப்பது முடிச்சு. இன்று இருபத்திரண்டு.

"இங்க வேணாம்மா, கரை உள்ள வந்துக்கினு இருக்குது," என்றேன். உடனே சந்தேகம் வந்தது. "ஆனா கயிறு நனைஞ்சு சுருங்கியிருக்குது. என் அளவு தப்பா இருக்கலாம்."

அவள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "இன்னா சார் நீங்க! கயிறு சுருங்கினா முடிச்சு கிட்ட கிட்ட வரும். அப்போ நிஜ தூரம் இன்னும் கம்மிதானே? பயமுறுத்துறதைக்கூட பயந்துக்கினே செய்றீங்க!"

இது எனக்குத் தோன்றவே இல்லை. தோண்ட வந்தவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

"யோவ், எழுந்து வாங்கபா. சார் எங்க சொல்றாரோ அங்கதான் ரூம்," என்று சுண்ணாம்புப் பொடியை என்னிடமே கொடுத்துவிட்டாள்.

பனைமரத்தையும் தாண்டி, சாலைப் பக்கமாகக் கோடு போட்டேன். கோடு நேராகத்தான் வந்தது. இன்னும் பத்தடி தள்ளிப் போட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. நான் கிளம்பும்போதே புதுக் கோட்டில் பள்ளம் முழங்கால் ஆழம் போய்விட்டது. நல்லவேளை, இனி மாற்றச் சொல்ல முடியாது.