அத்தானின் லாரியில் நான் ஊற்றிய ஆயில்

பிரியமுள்ள அத்தானுக்கு, கொஞ்சம் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. டாலிகஞ்ச் வீட்டு வாசலில் இப்போது உங்கள் லாரி இல்லை. நாலு மாதமாகப் பட்டறையில் பானெட்டைத் திறந்துபோட்டபடி நிற்கிறது. அங்கே உங்களுக்கு யாராவது சேதி சொன்னார்களா? இல்லையென்றால் நானே சொல்லித் தொலைக்கிறேன். உடம்பும் மனசும் ஓய்ந்து கிடக்கிறது, அழகாகவெல்லாம் எழுத வராது.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நாலு மாதம் வண்டி ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த லாரிதான் சோறு. அதனால் என் மீன்பிடிப் படகைக் கரையேற்றிவிட்டு நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். பக்கத்துத் தீவான பாராடாங்குக்கு சிமெண்டு ஏற்றிப் போவேன், வரும்போது பாக்கு. முதல் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. நானும் ஒரு பெரிய டிரைவர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஆயில் மாற்றும் நாள் வந்தது. நீங்கள் எப்போதும் ஊற்றுவது 20W-50. கடைக்காரர் கையை விரித்தார். "ஜஹாஜ் வரலயே பாய். அடுத்த கப்பல்ல மெயின்லேண்ட்ல இருந்து வந்தாத்தான் மால்." நமக்கு இது புதுசா? வெங்காயத்துக்கே கப்பல் பார்த்துக் காத்திருக்கிற ஊர்தானே. நீங்களாக இருந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பீர்கள். எனக்கு ஏது அந்தப் பொறுமை? வீட்டில் என் படகு என்ஜினுக்கு வாங்கி வைத்த கேன் இருந்தது. அது வெறும் நாற்பது நம்பர் ஆயில். டீசல் என்ஜின் எல்லாம் டீசல் என்ஜின்தானே, நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் அப்படி என்ன வந்துவிடப்போகிறது என்று அதையே ஊற்றிவிட்டேன். கடல்காரன் புத்தி அத்தான். என் படகு ஒரே வேகத்தில் போகும், என்ஜினுக்குக் கடல் தண்ணீரே சூட்டைத் தணிக்கும். உங்கள் லாரி உச்சி வெயிலில் மூட்டையைச் சுமந்துகொண்டு மேடு ஏற வேண்டும்.

எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! "முதல் நம்பர் குளிர்ல ஸ்டார்ட் பண்றதுக்குல. நம்ம தீவுல குளிரு எங்க இருக்கு? கடைசி நம்பரப் பாரு. என்ஜின் கொதிக்கும்போது ஆயில் எவ்ளோ கெட்டியா நிக்கும்னு அதுதான் சொல்லும்." புதிதில் கம்பெனி சொன்னது 15W-40 என்றும், தேய்ந்து இடைவெளி விழுந்த பேரிங்கில் நாற்பது நழுவி ஓடிவிடும், ஐம்பதுதான் பிடித்து நிற்கும் என்றும் சொன்னீர்கள். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். ஒன்றும் உள்ளே போகவில்லை.

அந்த ஆயிலோடு கிளம்பி, ஜிர்காடாங்கில் வண்டிகளைக் காவலோடு கூட்டமாகக் காட்டுக்குள் அனுப்பும் கான்வாய் கேட் திறக்கும்வரை வரிசையில் நின்றோம். பாதிக் காட்டில், ஒரு மேட்டில் முதல் கியரில் ஊர்ந்தபோது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. உடனே என்ஜினை அணைக்க வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனால் பழங்குடிகள் வாழும் அந்தக் காட்டுக்குள் யாரும் வண்டியை நிறுத்தக்கூடாதே. நான் வேகத்தைக் குறைத்ததும் காவலுக்கு வந்தவர், "ருக்னா மத்! சல்தே ரஹோ!" என்று கையை வீசினார். நிற்காதே, போய்க்கொண்டே இரு என்று. வண்டி பழுது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏதாவது வழி செய்திருப்பார். ஏன் வாயைத் திறக்கவில்லை? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. வண்டியைப் படகில் ஏற்றும் ஜெட்டிக்கு வந்து சேரும்போது உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் கேட்டது. அதோடு வண்டி நின்றுவிட்டது.

பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தோம். மிஸ்திரி பிரித்துப் பார்த்து, "பேரிங் போச்சு பாய். என்ன ஆயில் ஊத்துனீங்க?" என்றார். அக்கா பக்கத்தில் நின்றாள்.

"அத்தான் ஊத்துறதுதான்" என்றேன்.

அந்த ஒரு பொய்தான் அத்தான். "அப்ப மாலிக் ரொம்ப நாளா கவனிக்கலை" என்று வண்டிச் சொந்தக்காரரான உங்கள்மேல் பழியைப் போட்டு மிஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். அது டிரைவர்கள் வாயில் விழுந்து ஊரெல்லாம் போனது. அக்காவின் முகம் கறுத்துவிட்டது.

அன்றிலிருந்து அவள் உங்களைத் திட்டாத நாள் இல்லை. "பெத்த பிள்ளையளவிட அந்த வண்டியத்தான கண்ணா பாத்தாரு? அதையும் ஒழுங்கா பாக்கலையே பாவி மனுசன்! எங்கள நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டாரே!" ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவதையும் நிறுத்திவிட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் உங்கள் வருச நினைவுப் பூசைக்குப் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அடுப்படியில் வைத்தே சொல்லிவிட்டேன். கப்பல் வராதது, படகு கேன், சிவப்பு விளக்கு, மிஸ்திரியிடம் சொன்ன பொய், எல்லாம். திட்டுவாள், கையில் இருக்கிற கரண்டியை வீசுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"ஏல, நாலு மாசமா நான் அவர வாய்க்கு வந்தபடி ஏசும்போதெல்லாம், எதுத்தாப்புல உக்காந்து சோறு தின்னுட்டுத்தானல இருந்த?"

மெழுகுவர்த்திப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தனியாகக் கல்லறைக்கு நடந்தாள். அங்கே உங்களிடம் என்ன சொன்னாள் அத்தான்? என்னிடம் இன்னும் பேசவில்லை. தட்டில் சோறு மட்டும் மூடி வைக்கிறாள். பூசைக்கு அவளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள்.

லாரிக்குப் புது பேரிங் போட்டாயிற்று. இடைவெளி சரியாகிவிட்டதாம், இனி கம்பெனி சொன்ன 15W-40 போதும், ஐம்பது வேண்டாம் என்கிறார் மிஸ்திரி. சரிதானா அத்தான்? உங்களைத் தவிர யாரிடம் போய்க் கேட்பேன்?

நாளைக் காலையில் வண்டியை எடுக்கப் போகிறேன். முதலில் மிஸ்திரியிடம் சொல்வேன். பிறகு ஜிர்காடாங்கில் கேட் திறக்கும் முன்னால் டீ குடித்துக்கொண்டு நிற்கிற டிரைவர் ஒவ்வொருவனிடமும் தமிழிலும் இந்தியிலும் சொல்வேன்: அந்த மனுசன் வண்டியை ஒரு நாளும் கைவிட்டதில்லை, கெடுத்தவன் நான் என்று. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் பேரைக் கெடுத்த மச்சினன்,
ஜெரால்டு