டைமர் என் பையில் இருக்கிறது

ஏங்க, திடீரென்று அடுப்படி டைமர் அலறியது. அடுப்பில் ஒன்றுமில்லையே என்று ஓடினேன். பாலைக் கொட்டிவிட்ட நம் குட்டி, நாம் தண்டனைக்கு வைக்கும் அதே ஐந்து நிமிடத்தைத் தானே வைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். யாரும் திட்டவில்லை, பார்க்கக்கூட இல்லை.

நீங்கள் குளித்து முடிக்கும்வரை என்னை டியூட்டிக்கு ஏற்றிப்போகும் ஆஸ்பத்திரி வேன் நிற்காது, அதனால் எழுதி வைக்கிறேன். டிரைவர் ஹார்ன் அடித்தே உயிரை வாங்குகிறான். சாப்பாடு மேசையில், சாவி செருப்பு அலமாரிமேல்.

"செல்லம் குடுத்தே கெடுக்கிறே" என்றீர்களே, அந்தச் சண்டையை வந்து தொடரலாம். இன்று மட்டும் அவள் அழுதால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பி.கு.: மணி அடித்ததும் அவள் கேட்டது: "அம்மா, அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு. இப்ப என்னைப் பிடிக்குமா?"